பேனல் வெயிலில், பேட்டரி நிழலில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் கடிதங்களும் ஏறிவிட்டன. பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: முதுகில் சோலார் தகடு பதித்த பவர் பேங்க். அதற்கு மட்டும் நீளமாக எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று நாள் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். எந்த சோலார் சார்ஜர் வாங்கலாம்? (பரமக்குடி)

எத்தனை பேர்? எத்தனை ஃபோன்? கேமரா உண்டா? எந்த மாதம்? இவற்றில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. இவற்றை எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆளுக்கு ஒரு ஃபோன், ஒரு தலைவிளக்கு, மூன்று நாள் என்றால் சோலாரே வேண்டாம். வீட்டில் முழுக்க ஏற்றிய 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்று, 5,000 மில்லி ஆம்பியர்-மணி ஃபோனை மூன்று தடவைக்குச் சற்றுக் குறைவாக நிரப்பும். நான்கு நாளைத் தாண்டினால்தான் பேனலைச் சுமப்பதில் பொருள் இருக்கிறது.

முதுகில் சோலார் பதித்த 30,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் வாங்கினேன். அரியமான் கடற்கரையில் இரண்டு நாள் முழுக்க வெயிலில் வைத்தும் விளக்கு ஒரு புள்ளிகூட ஏறவில்லை. பழுதா? (உச்சிப்புளி, கல்லூரி மாணவர்)

பழுதில்லை தம்பி. அந்தப் பொருளே அப்படித்தான். இதே கேள்வியோடு ஏழெட்டுக் கடிதங்கள் கிடக்கின்றன. எல்லோரும் ஏமாந்த பிறகுதான் எழுதுகிறீர்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 30,000 மில்லி ஆம்பியர்-மணியை, அதாவது 30 ஆம்பியர்-மணியை, செல்லின் 3.7 வோல்ட்டோடு பெருக்கினால் ஏறத்தாழ 110 வாட்-மணி; உள்ளே பிடிக்கும் மின்சாரத்தின் அளவு அது. அதன் முதுகில் இருக்கும் உள்ளங்கை அளவுத் தகடு உச்சி வெயிலில் தருவது ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை வாட். நம் கடற்கரையில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர நல்ல வெயில் என்று வைத்தால் ஐந்தாறு வாட்-மணி கிடைக்கும். முழுதாக நிரம்ப இருபது நாள். ஒரு பகல் முழுக்கக் காய்ந்தாலும் உங்கள் ஃபோனில் கால்பங்கு ஏறினால் அதிகம். நான்கு தகடுகள் மடிந்து விரியும் வகை இதைவிடச் சற்று மேல், அவ்வளவுதான்.

அதுகூடப் பரவாயில்லை. அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் தகடு வேலை செய்ய வேண்டுமானால் பேட்டரியையும் சேர்த்து வெயிலில் வைத்தாக வேண்டும். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. கறுப்பு உறை போட்ட ஒரு பெட்டி நம் மணலில் நண்பகலில் கிடந்தால் 60 டிகிரியைத் தொடும். செய்யவே கூடாத ஒன்றைச் செய்தால்தான் இயங்கும் என்று ஒரு பொருளை வடிவமைத்து விற்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் வாலிநோக்கம் கடற்கரையில் என்னோடு நடந்த ஒருவரின் பவர் பேங்க் இப்படிக் கிடந்து, வயிறு உப்பி, உறை பிளந்துகொண்டது. நல்ல வேளையாகப் பைக்குள் இல்லை. விற்ற கடைக்காரர் பெட்டியில் அச்சிட்டிருந்ததைக் காட்டி, 'வெயிலில் வைக்கத்தானே சார் செய்திருக்கிறார்கள்' என்றார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்: பேனல் வெயிலில், பேட்டரி நிழலில். இரண்டையும் தனித்தனியாக வாங்குங்கள். நடுவில் ஒரு மீட்டர் கேபிள் இருக்கட்டும். பேட்டரி பைக்குள்ளோ, ஈரத் துண்டின் அருகில் நிழலிலோ இருக்கட்டும்.

இன்னொன்று. 30,000 என்று அச்சிட்டிருப்பதையே நம்பாதீர்கள். தராசில் வையுங்கள். பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ 200 கிராம் எடை வரும். உங்களுடையது 300 கிராம்தான் இருக்கிறது என்றால் உள்ளே பதினைந்தாயிரம்கூட இருக்காது. இனி வாங்கும்போது வாட்-மணி அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இப்போது கையில் இருப்பதைச் சுவர் சார்ஜரில் ஏற்றிப் பயன்படுத்துங்கள். உப்பியிருந்தால் குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், குப்பையில் வீசாதீர்கள். மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

28 வாட் பேனல் வாங்கினேன். மீட்டரில் 18 வாட்தான் காட்டுகிறது. (மண்டபம்)

சரியாகத்தான் காட்டுகிறது. அச்சிட்ட வாட் என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. வெயிலில் அது 60, 65 வரை போகும். டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். அதுவே 15 சதவீதம். ஐந்து வோல்ட்டாக மாற்றுவதில் கொஞ்சம், கேபிளில் கொஞ்சம். மணலில் பரப்பாதீர்கள், இரண்டு பனைமட்டைகளின் மேல் வைத்து அடியில் காற்று போக விடுங்கள். ஓரிரு வாட் கூடும்.

பேனலை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும்? (தொண்டி)

நாம் இருப்பது ஒன்பதரை டிகிரி வடக்கில். சித்திரை பிறக்கும் நாட்களிலும் ஆவணி நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்; தரையோடு படுக்க வைத்தாலே போதும். மார்கழியில் தெற்கே 30 டிகிரி சாய்த்து வையுங்கள். காலையிலும் மாலையிலும் சூரியனைப் பார்த்துத் திருப்புங்கள். பேனலின் நடுவில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் விழாத கோணம்தான் சரியான கோணம்.

பையின் முதுகில் பேனலைக் கட்டிக்கொண்டு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை நடந்து திரும்பினேன். ஏறவே இல்லை. (மதுரை)

காலையில் தென்கிழக்கு நோக்கி நடந்தீர்கள்; சூரியன் முகத்தில், பேனல் உங்கள் நிழலில். மாலையில் வடமேற்கு நோக்கித் திரும்பினீர்கள். மறுபடியும் சூரியன் முகத்தில். போகவரப் பத்தொன்பது கிலோமீட்டர் சுமை மட்டும்தான் மிச்சம். நடக்கும்போது சார்ஜ் ஏற்றும் எண்ணத்தை விடுங்கள். நண்பகலில் எப்படியும் அங்கே நடக்க முடியாது. அந்த மூன்று மணி நேரம் உட்காருங்கள், பேனலை விரியுங்கள்.

தனுஷ்கோடியில் இரவு கூடாரம் போட்டால் மறுநாள் காலை வெயிலில் சார்ஜ் ஏறுமா? (திருச்சி)

அங்கே இரவு தங்க விடமாட்டார்கள். மாலையிலேயே வெளியேற்றிவிடுவார்கள். கிளம்பும் முன் இதைக்கூட விசாரிக்காமலா வருவீர்கள்? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கும் நினைத்தபடி இறங்கித் தங்க முடியாது.

சீமைக் கருவேல நிழலில் பாதி, வெயிலில் பாதியாக விரித்தால் பாதி மின்சாரம் வருமா? (சாயல்குடி)

வராது. செல்கள் சங்கிலியாகக் கோர்க்கப்பட்டவை. ஒரு செல்லை மூடினால் அந்த வரிசையே படுத்துவிடும். பனையோலை நிழல் ஒரு கோடு விழுந்தாலும் பாதிக்கு மேல் போய்விடும். பேனல் முழு வெயிலில், பேட்டரி முழு நிழலில்.

ஐப்பசி, கார்த்திகையில்? (ராமநாதபுரம்)

கருமேகம் மூடினால் பத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

விமானத்தில் கொண்டுவரலாமா? (சென்னை)

பேனலுக்குத் தடையில்லை. பவர் பேங்க் கைப்பையில்தான். 100 வாட்-மணிக்குள் இருக்கட்டும்.

உப்புக்காற்றில் பேனலின் யுஎஸ்பி துளை பச்சை பூத்துவிட்டது. (பாம்பன்)

தினமும் மாலையில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பேனலைத் துடையுங்கள். முதலில் மணலை ஊதியோ உதறியோ போக்குங்கள். மணலோடு தேய்த்தால் மேற்பரப்பு கீறி மங்கிவிடும். துளையை ரப்பர் மூடியால் மூடுங்கள். பூத்த பச்சையை எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய பிரஷ்ஷால் எடுக்கலாம். ஈரத் துளையில் கேபிளைச் செருகுவதுதான் பெரிய தவறு. பச்சை அதில்தான் வேகமாகப் பரவுகிறது.

வள்ளத்தில் இரவு தங்கித் தொழில் செய்கிறோம். ஃபோனுக்கும் கையடக்க ஜிபிஎஸ் கருவிக்கும் இந்த மடிக்கும் பேனல் போதுமா? (கீழக்கரை)

கடலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை அண்ணே. மின்சாரத்தை மட்டும் சொல்கிறேன். மடிக்கும் துணிப் பேனல் கடல் தெறிப்பைத் தாங்காது. கண்ணாடி போட்ட 20 வாட் கெட்டிப் பேனலை, பாயின் நிழல் விழாத இடம் பார்த்து அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பகுதியில், கட்டுங்கள். ஃபோனை நேராகப் பேனலில் மாட்டாதீர்கள். வள்ளம் ஆடஆடக் கோணம் மாறும், மின்சாரம் ஏறி இறங்கும், ஃபோன் துண்டித்துத் துண்டித்து இணைந்து கடைசியில் ஏறாமலே நிற்கும். பகலில் பவர் பேங்க்கை நிரப்புங்கள், அதிலிருந்து ஃபோனுக்குக் கொடுங்கள். பவர் பேங்க் மூடிய பெட்டியில், பலகைக்கு அடியில், நிழலில். ஜிபிஎஸ் கருவி பென்சில் செல் போடும் வகை என்றால் புது செல்கள் நான்கை வாய் இறுகிய பாட்டிலில் போட்டு வையுங்கள். சோலார் இருக்கிறதே என்று அந்தப் பாட்டிலை ஒரு நாளும் கரையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.