கடைத்தெருவில் எதைக் கேட்பது?

வணக்கம் நண்பரே. உங்கள் ஊர் கிளை நூலகத்தில் இரண்டு மின்விசிறிகள் ஓடவில்லை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் புழுக்கத்தில் தவிக்கிறார்கள், கடைத்தெருவில் நன்கொடை கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில், கையில் காசு வாங்குவதை நிறுத்துங்கள். கடைக்காரர்களுக்கு மனம் இல்லாமல் இல்லை. திருவிழா, கட்சி, சங்கம் என்று யாராவது ரசீதுப் புத்தகத்தோடு வந்து நின்றுகொண்டே இருக்கிறார்கள். பணம் எங்கே போகிறது என்று தெரிவதில்லை. பொது நூலகத் துறையில் புரவலர் திட்டம் இருக்கிறது. 1,000 ரூபாய் கட்டினால் புரவலர், 5,000 என்றால் பெரும்புரவலர். பணத்தை நூலகரிடமே கட்டச் சொல்லுங்கள், ரசீது தருவார். அந்த ரசீது இருந்தால் உங்களை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

மின்விசிறிக்குப் பணமே வேண்டாம். ஊர் எலக்ட்ரீசியனிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள். விசிறியைச் சுழலத் தொடங்க வைக்கும் சிறு பாகமான கண்டென்சர் போயிருந்தால் செலவு சொற்பம். உள்ளே இருக்கும் கம்பிச்சுருளே (காயில்) எரிந்திருந்தால் மட்டும் எலக்ட்ரிக்கல் கடைக்காரரிடம் புது விசிறியாகவே கேளுங்கள். நூலகரின் ஒப்புதல் முக்கியம்.

காலையில் போணி ஆகும் முன் எந்தக் கடைக்கும் போகாதீர்கள், மாலைக் கூட்டத்திலும் வேண்டாம். மதியம் மூன்று மணி சரியாக இருக்கும். ஜெராக்ஸ் கடையில் தொடங்குங்கள். விண்ணப்பத்தோடு தினமும் வந்து நிற்பது அந்தப் பிள்ளைகள்தான், அந்தக் கடைக்காரருக்கு நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை. அவரை நூலகத்தின் வாசகர் வட்டத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கடைக்கு அவரே உங்களோடு வருவார்.

நூலகரிடம் பேசிவிட்டு எழுதுங்கள். கடிதம் தயாரிக்க நான் உதவுகிறேன்.