வயல் முதல் வாசல் வரை: கேள்வி – பதில்

கேள்வி: ஒரு ஏக்கரில் விளைந்த மாப்பிள்ளைச் சம்பா என்ற சிவப்பரிசி நெல்லை மொத்தமாகப் பச்சரிசியாக அரைத்து, தீட்டாமல் சுற்றுவட்டாரத்திலேயே விற்கிறேன். மில்லில் நொய் அதிகம். இரண்டே மாதத்தில் சிக்கு வாடை, வண்டு. வாங்கியவர்கள் திருப்பித் தருகிறார்கள். என்ன செய்யலாம்? – மன்னார்குடி வாசகர்

பதில்: மொத்தமாக அரைத்ததில்தான் கோளாறு. உமிக்குள் இருக்கும்வரை நெல் எளிதில் கெடாது. உமி நீங்கியதும் தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுபட்டுக் காறத் தொடங்கும். அந்தச் சிக்கு வாடை இதுதான். நெல்லாகவே இருப்பு வைத்து, மாதம் எவ்வளவு விற்குமோ அவ்வளவு மட்டும் அரையுங்கள். மூட்டைகளைப் பலகைமேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். பழைய சாக்கைக் கொதிநீரில் அலசிக் காயவைக்காமல் புது நெல்லைக் கொட்டாதீர்கள். பாதி வண்டு அதிலிருந்துதான் வருகிறது.

நொய் பெரும்பாலும் நெல் காயவைக்கும் களத்திலேயே உருவாகிவிடுகிறது. உச்சி வெயிலில் மெல்லிசாகப் பரப்பி ஒரே மூச்சில் காயவைத்தால் மணிக்குள் மயிரிழைக் கீறல் விழும். மில்லில் அது இரண்டாகிறது. இரண்டு விரற்கடை கனத்தில் பரப்பி, அரை மணிக்கொரு முறை காலால் துழாவுங்கள். உச்சி வேளையில் குவித்து மூடி, வெயில் தாழ்ந்ததும் மறுபடி பரப்புங்கள். அரைக்க 14 சதவீத ஈரம் போதும்; மாதக்கணக்கில் வைக்க 12–13 வேண்டும். ஈரமானி இல்லையென்றால் ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். 'டக்'கென்று உடைந்தால் சரி. பல்லில் அழுந்தினால் இன்னொரு வெயில் தேவை.

மில்லையும் பாருங்கள். பழைய ஹல்லர் எந்திரத்தில் உமியோடு தவிடும் உரிந்து அரிசியும் நொறுங்கும். உமியை மட்டும் நீக்கும் ரப்பர் உருளை ஷெல்லர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். முந்தைய ஆளின் வெள்ளையரிசி கலந்து வரும் என்பதால் முதலில் விழும் சில கிலோவைத் தனியே பிடியுங்கள்.

புழுங்கலாக்கினால் கீறல் ஒட்டி நொய் வெகுவாகக் குறையும். இந்த ரகத்துக்கு அதையே சொல்வோம்.

100 கிலோ நெல்லில் உமியே சுமார் 20 கிலோ. கருக்காயும் (மணி பிடிக்காத நெல்) நொய்யும் போக 70–75 கிலோ நின்றால் நல்ல அரவை. நெல் விலை, அரவைக் கூலி, வண்டிச் செலவு மூன்றையும் கூட்டி, கைக்கு வந்த அரிசி எடையால் வகுத்து விலை வையுங்கள். நெல்லின் எடையால் வகுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கேள்வி: அரை ஏக்கரில் கீரை போடுகிறேன். உழவர் சந்தையில் இடம் கிடைக்குமா? – மேலூர் வாசகி

பதில்: கிடைக்கும். 1999-இல் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்ததே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். நில உரிமை காட்டும் சிட்டா, பயிர் விவரம் காட்டும் அடங்கல், புகைப்படத்துடன் சந்தை அலுவலகத்தில் உழவர் அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். வயலைப் பார்த்த பிறகு தருவார்கள். வாடகையும் கமிஷனும் கிடையாது. கீரையை மாலையில் பிடுங்கி, வேர் மண்ணை அலசி, கட்டுகளை ஈரச்சாக்கில் நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடிக்கட்டு இரவிலேயே சூடேறி அழுகும்; இலைமேல் தண்ணீர் தெளித்தாலும் அப்படித்தான்.