இளம் ஓக் மரத்துக்குக் கவாத்து: எப்போது, எங்கே, எவ்வளவு?

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் 30 வருஷத்துக்கு மேல் மரம் ஏறிக் கிளை வெட்டியே குடும்பத்தைக் காப்பாற்றியவன் நான். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை, அதனால் கீழே நின்று சொல்லிக்கொடுக்கிறேன். ஓக் பற்றி நிறையக் கேள்வி வந்திருக்கிறது, ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். பல பதில்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்: வேண்டாத கிளையைக் கட்டைவிரல் பருமனில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

லெனேஷியாவிலிருந்து: அண்ணா, எந்த மாதம் வெட்டலாம்? "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று ஆயா சொல்வார்கள், ஆனால் இங்கே ஆடியில் புல் எல்லாம் பனியில் கருகிக் கிடக்கிறதே.

ஆயா சொன்னது இந்தியாவின் மழைக்குச் சொன்னது, தம்பி. நமக்கு ஆடி என்றால் நடுக் குளிர்காலம். விதைக்க ஆகாது, ஆனால் ஓக் மரத்தில் கத்தரி வைக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும், அதாவது ஆனியும் ஆடியும். மரம் தூங்கும், இலை இருக்காது, எந்தக் கிளை எதோடு உரசுகிறது என்பது எலும்புக்கூடு மாதிரி தெளிவாகத் தெரியும். கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றி முடிப்பதற்குள் உங்கள் வேலையும் முடிந்திருக்கட்டும், ஏனென்றால் ஆகஸ்ட் கடைசியில் மொட்டு பருக்க ஆரம்பித்துவிடும். துளிர் விடும்போது மரம் வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்திருந்த சாப்பாட்டையெல்லாம் செலவழித்துக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் காயம் கொடுக்காதீர்கள். இலை உதிரும் காலத்திலும் வேண்டாம். பட்டுப்போன கிளையை மட்டும் எந்த மாதத்திலும் எடுக்கலாம், கோடையில் ஆலங்கட்டி மழை கிழித்துப்போட்டதையும் அன்றைக்கே சீராக வெட்டிவிடுங்கள்.

நார்த்டேலிலிருந்து: ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக்கைத் தொடவே கூடாது என்று ஒரு அமெரிக்கக் குறிப்பில் படித்தேன், நீங்கள் ஜூலையில் வெட்டச் சொல்கிறீர்களே?

நல்ல வேளை கேட்டீர்கள். இதனால் குழம்பிப்போய் நம் ஆட்கள் பலர் ஜனவரி வெயிலில் வெட்டிவிடுகிறார்கள். அந்தக் குறிப்பு அவர்களுடைய ஊருக்குச் சரி. அங்கே ஓக் வாடல் நோய் என்று ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது, வசந்தத்தில் புதுக்காயத்தின் வாசனைக்கு வரும் சின்ன வண்டுகள் அதை மரத்துக்கு மரம் சுமந்து போகும். அந்த நோய் இங்கே இல்லை. அப்புறம், அவர்களுடைய ஏப்ரல் வசந்தம், நம்முடைய ஏப்ரல் இலை உதிரும் காலம். வடக்கே எழுதிய எந்தத் தோட்டக் குறிப்பைப் படித்தாலும் ஆறு மாதத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ஹோவிக்கிலிருந்து: மாமா, நட்டு மூன்று வருஷம், என் உயரத்துக்கும் மேலே போய்விட்டது. மார்பு உயரத்தில் இரண்டாகப் பிரிந்து இரண்டும் ஒரே கனத்தில் போகிறது. அழகாகத்தான் இருக்கிறது, விட்டுவிடலாமா?

விடாதே அம்மா. அந்தக் கவைக்குள் விரலை விட்டுப் பார். இரண்டு தண்டும் சேரும் இடத்தில் பட்டை மேலே மடிப்பாகப் புடைத்துக்கொண்டு நின்றால் ஓரளவு பலம் இருக்கிறது. பட்டை உள்பக்கமாக மடிந்து, நடுவில் ஒரு கோடு போல அமுங்கிப் போயிருந்தால் அங்கே கட்டையோடு கட்டை ஒட்டவே இல்லை, பட்டையோடு பட்டை முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு ஒன்றும் ஆகாது. 20 வருஷம் கழித்து, இரண்டும் ஆளுக்கு ஒரு டன் கனத்தில் நிற்கும்போது, ஒரு காற்றுநாளில் நடுவில் பிளந்து ஒரு பாதி கூரைமேல் வரும். அப்படிப் பிளந்த மரங்களை எத்தனையோ தடவை சங்கிலி ரம்பத்தால் துண்டு போட்டிருக்கிறேன், பிளவின் உள்ளே எப்போதும் அதே கறுத்த பட்டைதான்.

எது நேராக, காயமில்லாமல் இருக்கிறதோ அதைத் தலைத்தண்டாக வைத்துக்கொள். இன்னொன்றை இந்தக் குளிர்காலத்தில் பாதி உயரத்துக்குக் குறை, வெளிப்பக்கம் பார்த்த ஒரு பக்கக்கிளைக்கு மேலே வெட்டு. அதன் இலை குறைந்தால் சாப்பாடு குறையும், கனம் போடாது, தலைத்தண்டு முந்திக்கொள்ளும். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ மிச்சத்தையும் எடுத்துவிடலாம். ஒரே நாளில் எடுத்தால் மரத்தின் பாதி போய்விடும். ஒரு வருஷத்தில் உயிருள்ள கிளையில் கால்வாசிக்கு மேல் எடுப்பதில்லை என்பது எனக்குக் கணக்கு, இளம் மரத்துக்கு அதுவே தாராளம்.

டோங்காட்டிலிருந்து: அடியோடு ஒட்டி வெட்டுவதா, கொஞ்சம் விட்டு வெட்டுவதா? வெட்டின இடத்தில் தார் பூசவேண்டுமா?

இரண்டும் இல்லை, நடுவில் ஒரு இடம் இருக்கிறது. கிளை தண்டிலிருந்து புறப்படும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். முழங்கையை மடக்கினால் தோல் சுருங்குகிற மாதிரி ஒரு சுருக்கம் மேல்பக்கம் தெரியும், கீழ்பக்கம் லேசாக வீங்கியிருக்கும். அந்த வீக்கம் கிளையுடையது அல்ல, தண்டினுடையது. அதை விட்டுவிட்டு அதன் விளிம்புக்கு வெளியே வெட்டவேண்டும். சரியாக வெட்டியிருந்தால் அடுத்த கோடையில் காயத்தைச் சுற்றி உளுந்து வடை மாதிரி முழு வட்டமாகப் புதுப்பட்டை உருண்டு வரும், வருஷா வருஷம் நடு ஓட்டை சின்னதாகி மூடிவிடும். ஒட்ட வெட்டியிருந்தால் இரண்டு பக்கத்தில் மட்டும் உதடு மாதிரி வரும், மேலும் கீழும் திறந்தே கிடக்கும். நீளமாகக் கட்டை விட்டு வெட்டினால் அது பட்டுப்போய், அழுகல் அதன் வழியாக உள்ளே நடக்கும்.

நான் தொழில் படிக்கும்போது ஒட்டத்தான் வெட்டச் சொல்லிக்கொடுத்தார்கள், பலகை மாதிரி வழவழப்பாக இருக்கவேண்டும், மேலே கறுப்புத் தார். அப்படி ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் வரிசையாக நின்ற ஓக்குகளில் நான் வெட்டினேன், எல்லாரும் பாராட்டினார்கள். 15 வருஷம் கழித்து அதில் ஒன்றை இறக்கக் கூப்பிட்டார்கள். நான் வெட்டின இடத்துக்கு நேர் பின்னாலேயே பொந்து, தாருக்குக் கீழே ஈரம் அப்படியே இருந்தது. அந்த மரம் இன்றும் என் மனதை உறுத்துகிறது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துத்தான் இதை நிரூபித்தார்: மரத்தில் காயம் ஆறுவதில்லை, சுற்றிச் சுவர் கட்டி அடைத்துவிடுகிறது, அந்தச் சுவரின் முக்கியமான பகுதி அந்த வீக்கத்துக்குள் இருக்கிறது. அதனால் தார் வேண்டாம், பெயிண்ட் வேண்டாம், இடத்தைச் சரியாகப் பிடித்தால் போதும்.

கத்தரிக்கு அடங்காத கிளை என்றால் கை ரம்பத்தால் மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுசாக, கனம் இறங்கின பிறகு மிச்சக் கட்டையை வீக்கத்தின் ஓரத்தில். முதல் வெட்டைச் சோம்பல்பட்டு விட்டால் கிளை விழும்போது பட்டையை வாழைநார் மாதிரி உரித்துக்கொண்டு போகும்.

நார்த்டேலிலிருந்து இன்னொருவர்: பின் ஓக் (pin oak) என்ற வகை, பக்கி வண்டி (சின்ன சரக்கு வண்டி) நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில். கீழ்க்கிளை எல்லாம் தொங்குகிறது, மொத்தமாக வழித்துவிடவா?

வழித்தால் அதற்கு மேலே உள்ளது தொங்கும், பின் ஓக்கின் குணமே அது. கீழ்க்கிளை அடிமரத்தைப் பருமனாக்குகிறது, வெயிலிலிருந்து பட்டையைக் காக்கிறது. அதனால் மொத்த உயரத்தில் மேலே மூன்றில் இரண்டு பங்கு இலையோடு இருக்கும்படி பார்த்துக்கொண்டு, வருஷத்துக்கு இரண்டு மூன்றாக ஏற்றிக்கொண்டே போங்கள். காத்திருக்கிற கிளையை நுனி வெட்டிக் குட்டையாக வைத்தால் கனம் போடாது. எந்தக் கிளையும் அது முளைத்த இடத்தில் தண்டின் பருமனில் பாதியைத் தாண்டக் கூடாது, தாண்டப்போகிறது என்று தெரிந்தால் அதுதான் முதலில் வெட்டவேண்டியது.

வெருலத்திலிருந்து: போன மாதம்தான் நட்டேன், என்ன வெட்டலாம்?

ஒடிந்ததை மட்டும். முட்டுக்கம்பு கட்டியிருந்தால் ஒரு வருஷத்தில் அவிழ்த்துவிடுங்கள், காற்றில் ஆடினால்தான் தண்டு பலப்படும். கவாத்து இரண்டாவது, மூன்றாவது வருஷம்.

ஸ்டெல்லன்போஷிலிருந்து: இங்கே பழைய ஓக் எல்லாம் உள்ளே பொந்து. என் இளம் மரமும் அப்படித்தான் ஆகுமா?

1679இல் சைமன் வான் டர் ஸ்டெல் அந்த ஊரை உண்டாக்கினார், அவர் ஓக் நடவைத்ததால்தான் இன்றைக்கும் அதற்கு ஓக் நகரம் என்று பெயர். ஐரோப்பாவில் மெதுவாக வளரும் மரம் உங்கள் கேப் பகுதியில் மடமடவென்று வளர்கிறது, கட்டை நெருக்கமில்லாமல் போகிறது, அதனால் ஒயின் பீப்பாய்க்கும் ஆகவில்லை, சீக்கிரம் பொந்தும் விழுகிறது. வயதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் வேகமாக வளர்கிறது என்றால் கிளையும் கட்டைவிரல் பருமனை வேகமாகத் தாண்டும், ஆகவே நீங்கள் வருஷம் தவறாமல் பார்க்கவேண்டும். உங்கள் பக்கம் குளிர்காலத்தில்தான் மழை, நாலைந்து நாள் காய்ந்த வானிலை பார்த்து வெட்டுங்கள்.

சோமர்செட் வெஸ்ட்டிலிருந்து: துளைக்கும் வண்டு பயமாக இருக்கிறது ஐயா. வெட்டினால் அது வருமா? வெட்டின கிளையை என்ன செய்வது?

பயம் நியாயம்தான். 2017இல் இந்த வண்டை நம் நாட்டில் கண்டுபிடித்தது எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில்தான், பிளேன் மரங்களில். எள் அளவுதான் இருக்கும். மரத்தைத் தின்பதில்லை, துளை போட்டு உள்ளே ஒரு பூஞ்சையை வளர்த்து அதைத் தின்கிறது, அந்தப் பூஞ்சை மரத்தின் நீர்க்குழாயை அடைத்துவிடுகிறது. ஆங்கில ஓக் அதற்குக் குஞ்சு பொரிக்கப் பிடித்த வீடு, வேலியோரத்து ஆமணக்கும் அப்படியே.

கத்தரி வைப்பதற்கு முன்னால் அடிமரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். பேனா முனை அளவு துளையும் அதைச் சுற்றி ஈரமான கறுத்த கறையும் இருந்தால் வெட்டாமல் நகராட்சிக்குச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லையென்றால் தைரியமாகக் கவாத்து செய்யலாம். ஒவ்வொரு மரத்துக்கும் நடுவே கத்தரியையும் ரம்பத்தையும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஜிக் (ப்ளீச்) கலந்த தண்ணீரும் ஆகும், ஆனால் பிறகு கழுவி எண்ணெய் போடாவிட்டால் துரு ஏறும். வெட்டினதைச் சிப்பர் இயந்திரத்தில் சின்னத் துண்டுகளாக அரைத்துவிடுங்கள், முடியாவிட்டால் தெளிந்த பிளாஸ்டிக்கால் இறுக்கி மூடிக் கோடை வெயிலில் ஆறு வாரத்துக்குக் குறையாமல் போடுங்கள், குளிரில் இன்னும் அதிகம். பிராய் (வெளியில் இறைச்சி சுடும்) விறகுக்கு என்று வண்டியில் ஏற்றி இன்னொரு ஊர் உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், தயவுசெய்து. இந்த வண்டு தூரம் போவது பெரும்பாலும் அப்படிப்பட்ட விறகில்தான்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: தோட்டவேலைக்கு வந்தவர் என் ஓக்கின் தலையை வெட்டிவிட்டார், இப்போது துடைப்பம் மாதிரி முளைக்கிறது.

கஷ்டமாக இருக்கிறது தங்கச்சி, கடற்கரைச் சூட்டில் ஓக் பிழைப்பதே பாடு. இந்த வருஷம் முளைக்கிறதை முளைக்க விடு, மரத்துக்கு இலை வேண்டும். அடுத்த ஆனியில் நேராக, பலமாக இருக்கிற ஒரு போத்தைத் தலைத்தண்டாக வைத்துக்கொண்டு பக்கத்தில் உள்ளதைக் குட்டையாக்கு, அதற்கடுத்த வருஷம் சிலதை எடு. புதுத்துளிரில் வெள்ளைத் தூள் படிந்தால் அது சாம்பல் நோய், ஓக்குக்குச் சாதாரணம், அதற்காக வெட்டாதே. மரம் வேலிக்கு வெளியே தெருவோரத்தில் இருந்தால் அது நகராட்சியுடையது, கேட்டுவிட்டுச் செய்.

வெட்டுவதற்கு முன்னால் முறிந்த தலையைப் படம் எடுத்து அனுப்பு. உச்சி வெயிலில் எடுக்காதே, காலை எட்டு மணிக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால்தான் போத்து எங்கே உறுதியாக ஒட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.