திகில் இரவுக்கு எந்தப் படம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இலையுதிர்காலம் வந்துவிட்டது, மாலையிலேயே இருட்டத் தொடங்கிவிடுகிறது. நண்பர்கள் நான்கு பேர் ஓர் இரவு வீட்டில் அமர்ந்து பேய்ப்படம் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் ஆளுக்கொரு படத்தைச் சொல்வதால் வாக்குவாதம்தான் மிச்சம். நீங்கள் எதைப் பரிந்துரைப்பீர்கள்?

பதில்: ஒரே ஒரு படம்தான் என்றால், ராபர்ட் வைஸ் இயக்கி 1963இல் வெளிவந்த ‘தி ஹாண்டிங்’ படத்தைத் தயங்காமல் சொல்வேன். ஆவிகள் உண்டா இல்லையா என்று ஆராய்வதற்காகச் சிலர் ஒரு பழைய மாளிகையில் வந்து தங்குகிறார்கள் என்பதுதான் கதை. படம் முடியும்வரை பேய் என்று எதுவும் நம் கண்ணில் படுவதில்லை. ஓர் இரவில் இரண்டு பெண்கள் ஓர் அறைக்குள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டிருக்க, வெளியே நடைக்கூடத்தின் சுவர்களை யாரோ இடித்துக்கொண்டே நெருங்கி வரும் ஓசை கேட்கிறது. அது கதவருகே வந்து நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்துக் கதவின் கைப்பிடி மெல்ல அசைகிறது. பிற்பாதியில் வரும் இன்னொரு காட்சியில், மூடிய மரக்கதவு மூச்சு விடுவதுபோல அறைக்குள் புடைத்துப் புடைத்து அடங்குகிறது. கதவின் பின்னால் ஓர் ஆளை நிறுத்தி, மரக்கட்டையால் தள்ளச் சொல்லி எடுத்த காட்சி அது. இது தெரிந்த பிறகும் எனக்கு அதைத் தனியாகப் பார்க்கத் துணிவில்லை.

வைஸுக்கு இந்த வித்தை சும்மா வரவில்லை. அவரை முதன்முதலில் இயக்குநராக்கியவர், 1940களில் மிகக் குறைந்த செலவில் திகில் படங்கள் தயாரித்த வால் லூட்டன். அரக்கனைக் காட்டப் பணம் இல்லாததால் நிழலையும் ஒலியையும் நம்பியவர் அவர். லூட்டன் தயாரித்த ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில் இரவில் தனியே நடக்கும் ஒரு பெண்ணைத் தொடர்ந்து வந்த காலடி ஓசை சட்டென்று நின்றுபோகிறது. புலியோ சிறுத்தையோ பாயப்போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்திருக்கும்போது, சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து. இன்று வரும் திகில் படங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு உத்தியை வைத்தே காலம் தள்ளுகின்றன என்பது என் எண்ணம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: ‘தி ஹாண்டிங்’ படத்துக்கு மூலமான, ஷர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய அதே நாவலை வைத்து, அதே பெயரில் 1999இல் இன்னொரு படம் வந்தது. கணினி வரைகலையைக் கொண்டு எல்லாவற்றையும் காட்டியே தீருவதென்று எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் பயப்பட எதுவுமே மிஞ்சவில்லை. ஆகவே ஆண்டைச் சரிபார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

நால்வரில் இருவராவது படத்தின் நடுவே பேசிக்கொண்டே இருப்பவர்கள் என்றால், ஜான் கார்ப்பென்டர் இயக்கிய ‘ஹாலோவீன்’ (1978) பொருந்தும். கதை நடப்பது அக்டோபர் மாதக் கடைசி இரவில். அமைதியான தெருக்களில் சருகுகள் உருண்டுகொண்டே இருக்கும். உண்மையில் படப்பிடிப்பு நடந்தது கலிபோர்னியாவின் வசந்த காலத்தில். காகித இலைகளுக்கு இலையுதிர்கால வண்ணம் பூசித் தெருவில் தூவி, காட்சி எடுத்து முடித்ததும் அவற்றை அள்ளிப் பைகளில் கட்டி, அடுத்த தெருவில் மீண்டும் தூவினார்கள். கொலைகாரன் அணிந்திருப்பது கூட, கடையில் வாங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமூடிதான்; அதற்கு வெள்ளை வண்ணம் அடித்து, கண் துளைகளைப் பெரிதாக்கியதும், பார்ப்பவர் முதுகு சில்லிட்டுப் போகும் முகமாக அது மாறிவிட்டது.

கேள்வி: கத்தி, இரத்தம் என்றால் எனக்குத் தலை சுற்றும். ஆனாலும் பயந்து நடுங்க ஆசையாக இருக்கிறது. எனக்கு ஏதேனும் வழி உண்டா?

பதில்: தாராளமாக உண்டு; சொல்லப்போனால் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்த வகையின் மிகச் சிறந்த படங்கள் காத்திருக்கின்றன. ஜாக் கிளேட்டன் இயக்கிய ‘தி இன்னசென்ட்ஸ்’ (1961) படத்திலிருந்து தொடங்குங்கள். பெற்றோரை இழந்த இரு குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள ஒரு மாளிகைக்கு வரும் ஆசிரியையாக டெபோரா கெர் நடித்திருக்கிறார். படத்தின் மிகக் கொடிய கணம் பட்டப்பகலில் வருகிறது: ஏரிக்கு அப்பால், நாணல்களுக்கு நடுவே, கறுப்பு உடை அணிந்த ஒரு பெண் அசையாமல் நிற்கிறாள். அவ்வளவுதான், அவள் ஒன்றும் செய்வதில்லை. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ், அகலத் திரையின் இரு ஓரங்களும் இருளில் மூழ்கும்படி வண்ணம் தீட்டிய வடிகட்டிகளைப் பயன்படுத்தியதால், நம் பார்வை கதாபாத்திரத்தை விட்டுவிட்டு அந்த ஓரங்களையே துழாவிக்கொண்டிருக்கும். படம் தொடங்கும்போது திரை முழுக்கக் கறுப்பாக இருக்க, ஒரு சிறுமியின் பாட்டு மட்டும் கேட்கும். தொலைக்காட்சிப் பெட்டி பழுதாகிவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள்.

அதன் பிறகும் தைரியம் மிச்சமிருந்தால், நிக்கோல் கிட்மன் நடித்த ‘தி அதர்ஸ்’ (2001) படத்தைப் பாருங்கள். வெயில் பட்டால் உடல் தாங்காத குழந்தைகளைக் கொண்ட ஒரு தாய், ஒரு கதவைப் பூட்டிய பிறகே அடுத்த கதவைத் திறக்க வேண்டும் என்று வேலையாட்களுக்குக் கட்டளையிடுகிறாள். பிறகு, பூட்டிய கதவு ஒன்று திறந்துகிடப்பதைக் கண்டாலே நமக்கு உதறல் எடுக்கிறது. படம் பார்க்கும் முன் அதைப் பற்றி எங்கும் எதையும் படிக்க வேண்டாம்.

கேள்வி: தமிழில் நல்ல பேய்ப்படமே இல்லை, எல்லாம் நகைச்சுவைதான் என்கிறான் என் தம்பி. அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: விக்ரம் கே. குமார் இயக்கிய ‘யாவரும் நலம்’ (2009) படத்தைப் போட்டுக்காட்டுங்கள். புது அடுக்ககத்தில் குடியேறும் குடும்பத்தின் தொலைக்காட்சியில் ஒரு தொடர் ஓடுகிறது. அதில் நடப்பதெல்லாம் தங்கள் வீட்டிலும் நடப்பதை மாதவன் மட்டும் கவனிக்கிறார். அடுக்ககத்தின் லிஃப்ட் மற்ற எல்லோருக்கும் வேலை செய்கிறது, அவருக்கு மட்டும் செய்வதில்லை. இப்படிச் சின்னச் சின்ன உறுத்தல்களாலேயே அச்சத்தைக் கட்டிய தமிழ்ப் படங்கள் குறைவு. இருட்டு பங்களாவும் கைவிளக்கும் வேண்டுமென்றால், கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ (2012) இருக்கிறது. பேயையும் சிரிப்பையும் கலக்கும் படங்கள் பெருகிவிட்டன என்ற வகையில் மட்டும் தம்பி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

தொலைக்காட்சியே பேயின் வாசலாகும் கதை அவருக்குப் பிடித்துவிட்டால், அடுத்து ஜப்பானின் ‘ரிங்கு’ (1998) படத்துக்குப் போகலாம். அதில் வரும் சடாகோ என்ற பேயின் விபரீத நடைக்காக, நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டுப் படம்பிடித்து, அதைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினார்கள். திரையரங்கைவிட வீட்டில் பார்க்கும்போதுதான் அந்தப் படம் அதிகம் கலங்கடிக்கும்.

கேள்வி: பத்து வயது மகளும் எங்களோடு உட்காருவேன் என்று அடம்பிடிக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: ‘கோரலைன்’ (2009). கண்களுக்குப் பதிலாகப் பொத்தான் தைத்த இன்னொரு தாய் வரும் பொம்மை அசைவூட்டப் படம். நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள். குழந்தைகளைவிடப் பெரியவர்கள் அதிகம் கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கைப்பேசியில் பார்த்தால் போதாதா? பெரிய திரையும் இருட்டும் அவசியமா?

பதில்: திரையின் அளவை விட்டுவிடலாம்; ஒலியில் மட்டும் சிக்கனம் கூடாது. ‘ஹாலோவீன்’ படத்தை இசை சேர்ப்பதற்கு முன் பார்த்த ஒரு ஸ்டுடியோ அதிகாரி, இதில் பயமே இல்லை என்று சொல்லிவிட்டதாகக் கார்ப்பென்டரே பதிவு செய்திருக்கிறார். அதன்பின் அவரே இசையமைத்த எளிய பியானோ இசை சேர்ந்ததும், அதே காட்சிகள் மிரட்டத் தொடங்கின. எனவே கைப்பேசியில் பார்ப்பதென்றால் நல்ல ஹெட்போன் அவசியம். பெரிய திரையில் பார்ப்பதென்றால், எதிரே எரியும் விளக்கைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அதன் பிரதிபலிப்பு நான் மேலே சொன்ன ‘தி ஹாண்டிங்’, ‘தி இன்னசென்ட்ஸ்’ போன்ற கறுப்பு வெள்ளைப் படங்களின் நிழல் பகுதிகளை அப்படியே விழுங்கிவிடும். ‘தி ஹாண்டிங்’ இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். நடுவில் நிறுத்தினால் கட்டிய அச்சமெல்லாம் கலைந்துவிடும் என்பதால், தண்ணீர் குடிப்பது முதலான வேலைகளை எல்லோரும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.