தினமும் ஒரு சொம்பு, வாரம் இரண்டு மஞ்சள் இலை

கேள்வி: வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். கூடத்தில் தொங்கும் மணிபிளான்ட்டுக்குத் தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறேன். ஒரு மாதமாக இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. வண்டியில் செடி விற்றவர் ‘சத்துக் குறைவு’ என்று 250 ரூபாய்க்கு ஒரு டானிக் கொடுத்தார். ஊற்றியபின் இன்னும் மோசமாகிவிட்டது. பெரிய தொட்டிக்கு மாற்றலாமா?

பதில்: முதலில் அந்தச் சொம்பைச் சமையலறைக்கே அனுப்பிவிடுங்கள் அம்மா. உங்கள் செடி பசியில் வாடவில்லை, தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கிறது. வேருக்குக் காற்றும் வேண்டும். மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து நாம் மறுபடியும் ஊற்றுவோம். பெரிய தொட்டிக்கு மாற்றினால் ஈரம் தாங்கும் மண்ணும் கூடும், அழுகலும் கூடும். ஆகவே வேண்டாம்.

தொட்டியை இறக்கி அடியைப் பாருங்கள். பிளாஸ்டிக் தொங்குதொட்டிகள் பலவற்றில் துளை இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய வட்டக் குறிகள் மட்டுமே இருக்கும். அவற்றை நாம்தான் குத்தித் திறக்க வேண்டும். இதை விற்பவர் சொல்வதில்லை. என்னிடம் வரும் பத்து மணிபிளான்ட் புலம்பல்களில் பாதிக்குமேல் இந்தத் திறக்காத துளையில்தான் முடியும்.

அந்த டானிக் விஷயத்துக்கு வருகிறேன். புட்டியில் என்ன சத்து, எத்தனை சதவீதம், யார் தயாரித்தது என்று அச்சிட்டிருக்கிறதா? உரத்தின் மேலுறையில் உள்ளடக்கத்தைக் குறிப்பிட வேண்டும் என்பதற்கு 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையே இருக்கிறது. தெருவில் தள்ளுவண்டியை நிறுத்தி அதைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்? விவசாயிக்காவது மண் பரிசோதனை நிலையம் உண்டு. அடுக்குமாடியில் ஒற்றைத் தொட்டி வைத்திருப்பவர் எங்கே போய்க் கேட்பார்? அதனால்தான் விற்றவரே வைத்தியராகவும் ஆகிவிடுகிறார். அழுகும் வேருக்கு உரம் ஊற்றுவது, வயிற்றுப்போக்கில் கிடப்பவருக்குக் கல்யாண விருந்து போடுவது போன்றது.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஏழெட்டுக் கொடித்துண்டுகளை இரண்டு நாள் முன்பு மண்ணில் செருகி, ‘அடர்ந்த செடி’ என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். வாங்கும்போது ஒரு கொடியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் கையோடு வந்தால் அதில் வேர் இல்லை.

சரி, எப்போது தண்ணீர்? விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பத்து நாளுக்கு ஒருமுறைகூடப் போதும்.

தினமும் ஊற்றக் கூடாது என்பதற்கு ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. உடனே உங்களுக்கும் பொருந்துமென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்னி நட்சத்திர நாட்கள், மேற்குப் பார்த்த பால்கனி, சிறிய மண்தொட்டி, இந்த மூன்றும் சேர வேண்டும். மண்தொட்டியின் பக்கச்சுவர் வழியாகவே ஈரம் ஆவியாகும். ஆனால் அதற்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தால் ஆவியாகாது, விலக்கும் இல்லை. மண்தொட்டியை அழகுக்காகப் பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தாலும் இல்லை. கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் தொங்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கு மே மாதத்திலும் இல்லை. அதற்கும் விரல்தான் அளவு.

மண்ணின் மேல் வெள்ளையாகப் படிவு தெரிந்தால், இலை நுனி பழுப்பாகக் கருகினால், அது ஆழ்துளைக் கிணற்றின் உப்பு. வேளச்சேரியில் லாரித் தண்ணீரும் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எத்தனையோ கட்டடங்களில் அந்தக் குழாய் சுவருக்கு அலங்காரமாக நிற்கிறது. நீங்கள் ஒரு வாளியை மொட்டைமாடியில் வைத்துப் பிடித்து, மூடிவையுங்கள். செடிக்கு அதுவே அமிர்தம்.

இப்போது செடியை வெளியே எடுங்கள். வெளிறி, உறுதியாக இருக்கும் வேரை விடுங்கள். பழுப்பாகக் குழைந்து நாறும் வேரைக் கத்தரியுங்கள். செம்மண், தென்னைநார்த்தூள், மண்புழு உரம் சம அளவில் கலந்து அதே அளவுத் தொட்டியில் நடுங்கள். வெறும் களிமண் வேண்டாம். நேர்வெயில் படாத, வெளிச்சமான சன்னலோரம் வையுங்கள். இருட்டு மூலையில் வைத்தால் இலையின் மஞ்சள் வரி மங்கி வெறும் பச்சையாகிவிடும்.

காப்பாக, நல்ல கொடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டித் தண்ணீரில் வையுங்கள். இரண்டு வாரத்தில் வேர் எட்டிப்பார்க்கும். அந்தத் தண்ணீரை வாரம் ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் போதும். தெருக் கால்வாயில் ஆண்டு முழுவதும் நிற்கும் நீரை விட்டுவிட்டு உங்கள் புட்டியைச் சோதிக்கத்தான் ஆள் வருவார்கள்.

வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் கொடியை எட்டாத உயரத்தில் சுற்றிவிடுங்கள். சேம்பின் குடும்பம், கடித்தால் வாயும் தொண்டையும் அரிக்கும்.

புது இலை ஒன்று சுருள் விரியும்வரை உரமும் இடமாற்றமும் வேண்டாம். வண்டிக்காரர் மறுபடியும் புட்டியை நீட்டினால், தொட்டியைத் திருப்பி அடித்துளையை அவரிடம் காட்டுங்கள்.