‘கர்த்தர் ராஜரிகம்பண்ணுகிறார்’: ஜெபிக்கிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

சங்கீதப் புத்தகத்தில் 93ஆம் சங்கீதமும், 95 முதல் 99 வரையுள்ள சங்கீதங்களும் கர்த்தரை ராஜாவாகப் பாடுகின்றன. இவற்றை வைத்து ஜெபிப்பது பற்றியும், அதை ஒட்டி எழுந்த ஐயங்கள் பற்றியும் பலர் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு, பழைய ஏற்பாட்டைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். வசனங்களை நான் படித்து வளர்ந்த பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன். கத்தோலிக்க வாசகர்கள் ‘சங்கீதம்’ என்று வரும் இடத்தில் ‘திருப்பாடல்’ என்று வைத்துக்கொள்ளலாம், எண்கள் மாறாது.

கேள்வி: ஐயா, மன்னராட்சியை ஒழித்துவிட்டுக் குடியரசில் வாழ்கிறோம். கடவுளை இன்னும் ‘ராஜாவே’ என்று ஏன் அழைக்க வேண்டும்? ‘மேய்ப்பரே’ என்றால் போதாதா?

பதில்: மேய்ப்பன் என்று சொல்வதால் ராஜாவிடமிருந்து தப்பிவிட முடியாது, தம்பி. பழங்காலக் கீழைத்தேசங்களில் ‘மேய்ப்பன்’ என்பதே அரசர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பட்டம்; பாபிலோனின் அம்முராபி தன்னை அப்படித்தான் அழைத்துக்கொண்டான். எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் கடிந்துகொள்ளும் மேய்ப்பர்களும் ஆட்டிடையர்கள் அல்லர், இஸ்ரவேலை ஆண்டவர்களே.

ஆனால் உங்கள் தயக்கத்தை வேதாகமமே பகிர்ந்துகொள்கிறது. மற்ற ஜாதிகளைப்போல எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது, ராஜா என்பவன் என்ன செய்வான் என்பதைச் சாமுவேல் விவரிக்கிறார் (1 சாமுவேல் 8). பிள்ளைகளை ரதத்துக்கு முன் ஓட எடுத்துக்கொள்வான், பெண்களைச் சமையலுக்கும் அப்பம் சுடவும் எடுத்துக்கொள்வான், நல்ல வயலை எடுத்துக்கொள்வான், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வாங்குவான். அந்தப் பகுதி முழுவதும் ‘எடுத்துக்கொள்வான்’ என்ற வினை அடி மேல் அடியாக விழுகிறது. அதை வாசித்த சூட்டோடு 104ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். மகத்துவத்தை உடையாக அணிந்த அரசராகவே அங்கும் கர்த்தர் தோன்றுகிறார், ஆனால் அவருடைய வினை வேறு: “நீர் கொடுக்க, அவைகள் வாங்கிக்கொள்ளும், நீர் உமது கையைத் திறக்க, அவைகள் நன்மையால் திருப்தியாகும்.” எடுக்கிற கையையே அறிந்திருந்த ஒரு ஜனம், திறக்கிற கையுடைய ஒருவரை ராஜா என்று அழைத்தது. அந்தச் சொல்லை நாம் கைவிட்டால் இந்த எதிர்ப்பும் காணாமற்போகும்.

தமிழனுக்கு இது இன்னும் எளிதாக விளங்க வேண்டும். நம் மொழியில் ‘இறை’ என்பது கடவுளையும் குறிக்கும், அரசனையும் குறிக்கும், அரசன் வாங்கும் வரியையும் குறிக்கும். முறைசெய்து காப்பாற்றும் மன்னவனே மக்களுக்கு இறையென்று வைக்கப்படுவான் என்று வள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால், காப்பாற்றாமல் வரி மட்டும் வாங்குகிறவனை அப்படி அழைக்க வேண்டியதில்லை என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

கேள்வி: தினமும் காலையில் 93ஆம் சங்கீதத்தை வாசிக்கிறேன். ஐந்தே வசனங்கள்தான், ஆனாலும் வாய் வாசிக்கிறது, மனம் அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறது. எப்படி ஜெபிப்பது?

பதில்: சகோதரி, ஐந்து வசனங்களையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை. “கர்த்தர் ராஜரிகம்பண்ணுகிறார், மகத்துவத்தை...” என்று ஓடாமல், முதல் இரண்டு சொற்களோடு நின்றாலும் சரிதான். ‘ராஜரிகம்பண்ணுகிறார்’ என்பது எபிரெயத்தில் ‘மாலாக்’ என்ற வினை. ‘ஆளுகிறார்’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘அரசராகிவிட்டார்’ என்றும் பொருள் கொள்ளலாம். ஆண்டுதோறும் ஆலயத்தில் கர்த்தரின் சிங்காசனமேறுதலைக் கொண்டாடிய ஒரு விழாவில் இவை பாடப்பட்டிருக்கலாம் என்று நார்வே நாட்டு அறிஞர் மோவின்கெல் 1922இல் முன்வைத்த கருத்து இந்த இரண்டாம் பொருளை ஒட்டியது. அப்படி ஒரு விழாவுக்கு வேதாகமத்தில் நேரடிச் சான்று இல்லை என்பதால் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையிலும் புதிதாக அறிவிக்கப்படும் செய்தியாக அதை வாசிப்பதில் நன்மை உண்டு.

பிறகு மூன்றாம் வசனத்துக்கு வாருங்கள். “கர்த்தாவே, நதிகள் எழும்பின, நதிகள் இரைந்து எழும்பின, நதிகள் அலைதிரண்டு எழும்பின.” ‘எழும்பின’ என்ற சொல் மூன்று முறை வருவது அலை ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதுவதைப் போலவே இருக்கிறது, உரக்க வாசித்தால் காதே சொல்லிவிடும். இஸ்ரவேலின் அண்டை நாட்டார் இந்தத் தண்ணீரை ஒரு தெய்வமாகவே கருதினர். சிரியாவில் ராஸ் ஷம்ரா என்னுமிடத்தில் 1929 முதல் தோண்டியெடுக்கப்பட்ட, உகாரித் என்னும் பழைய நகரத்தின் களிமண் பலகைகளில், புயல் தெய்வமான பாகால் ‘யாம்’ என்னும் கடலரசனோடு கதாயுதங்களால் போரிட்டு வென்ற பிறகே அரசனாகிறான். 93ஆம் சங்கீதத்தில் போரே இல்லை. தண்ணீர் இரைகிறது, சிங்காசனம் ‘பூர்வமுதல்’ அங்கேயே இருக்கிறது, அவ்வளவுதான். கர்த்தர் எழுந்து நிற்கக்கூட இல்லை.

மனம் அடுப்பங்கரைக்குப் போனால் அதைத் திட்ட வேண்டாம். அடுப்பங்கரையில் எழும்புகிற நதி எது என்று பாருங்கள்: பள்ளிக் கட்டணமா, மாமியாரின் மருந்தா? அதன் பெயரைச் சொல்லி, ‘கர்த்தாவே, இது எழும்பிற்று’ என்று அந்த வசனத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள். நான்காம் வசனத்தை அதன்பின் வாசிக்கலாம்.

கேள்வி: நீங்கள் இப்படி எழுதுவது எளிது. நாங்கள் கடற்கரைக்காரர்கள். 2004 டிசம்பர் 26 அன்று கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் எழும்பியது. வேளாங்கண்ணிக்கு ஜெபிக்க வந்தவர்களையும் அது விடவில்லை. அன்று ராஜா எங்கே இருந்தார்?

பதில்: இந்தக் கேள்விக்கு விடை வைத்திருப்பதாகச் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்த நாட்களில் ஒரு பிரசங்க மேடையிலிருந்து, ‘பாவத்துக்கு வந்த தண்டனை’ என்று ஒருவர் முழங்கியதை என் காதால் கேட்டேன். கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்றும் எனக்கு உறுத்துகிறது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசியபோது (லூக்கா 13), எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். அந்த ‘இல்லை’ அன்று அந்த மேடையில் ஒலித்திருக்க வேண்டும்.

சங்கீதக்காரன் கடல் எழும்பாது என்று எங்கும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். எழும்பிற்று என்று மூன்று முறை சொல்கிறான்; அதைக் ‘கர்த்தாவே’ என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். கலிலேயாக் கடலில் படவு அலைகளால் நிரம்பியபோது சீஷர்கள் பேசியதும் அதே தொனியில்தான்: “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?” (மாற்கு 4). அவர்களில் சிலர் மீனவர்கள். கடலை அறியாதவர்களின் பயமல்ல அது. அந்தக் கேள்விக்காக இயேசு அவர்களைப் படவைவிட்டு இறக்கிவிடவில்லை. நீங்கள் கேட்டதும் ஜெபம்தான். அதை அழகாக மாற்றி எழுத வேண்டிய தேவையில்லை. எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அதே சொற்களில் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் கேள்வியை வாங்கி அடக்கிவைக்கும் ஒரு பதிலை நான் தரப்போவதில்லை.

கேள்வி: “பூமியை ஆண்டுகொள்ளுங்கள்” என்று ஆதியாகமம் சொல்வதால்தான் மனிதன் காட்டையும் ஆற்றையும் அழித்தான் என்கிறார் என் கல்லூரி நண்பர். உண்மையா?

பதில்: அந்த வசனத்தைக் காட்டி அழித்தவர்கள் உண்டு, உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஆதியாகமம் 1:28இல் ‘ஆண்டுகொள்ளுங்கள்’ என்பதற்கு உள்ள ‘ராதா’ என்ற எபிரெய வினை 72ஆம் சங்கீதத்திலும் வருகிறது. அங்கே அப்படி ஆளுகிற ராஜா, கூப்பிடுகிற எளியவனை விடுவிக்கிறவன், புல்லறுப்புண்ட வெளியில் பெய்யும் மழையைப்போல் இறங்குகிறவன். அதே வினை எசேக்கியேல் 34இலும் வருகிறது. ஆட்டைப் பலாத்காரமாய் ஆண்டதற்காகக் குற்றம் சாட்டும் இடம் அது. ஆக, ஆளுவதில் எது முறை, எது முறைகேடு என்பதை அந்த நூலே பிரித்துக் காட்டுகிறது. அடுத்த அதிகாரத்தில் மனிதனுக்குத் தோட்டத்தில் கொடுக்கப்பட்ட வேலை பண்படுத்துவதும் காப்பதும். இந்த இரண்டு வினைகளையும் எண்ணாகமம் 3ஆம் அதிகாரம் லேவியரின் ஆசரிப்புக்கூடார ஊழியத்துக்குப் பயன்படுத்துகிறது. ஆற்றில் மணல் அள்ளுகிறவர் இதையும் சேர்த்து வாசிக்கட்டும்.

கேள்வி: “உம்முடைய ராஜ்யம் வருவதாக” என்று ஜெபிக்கும்போது உலக முடிவையா கேட்கிறோம்?

பதில்: முடிவையும் சேர்த்துத்தான். ஆனால் ‘ராஜ்யம்’ என்றவுடன் நமக்கு எல்லைக்கோடு போட்ட ஒரு நாடு கண்ணில் தெரிகிறது. மூலத்திலுள்ள ‘பசிலேயா’ என்ற கிரேக்கச் சொல்லில் ஆளுகை என்ற பொருளே மேலோங்கியிருக்கிறது. கத்தோலிக்கர் இன்று ‘உமது ஆட்சி வருக’ என்று சொல்வது அந்த வகையில் நெருக்கமானது. சீர்திருத்த சபைக்காரனாகிய நான் இதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

கேள்வி: கிறிஸ்து அரசர் பெருவிழா பழங்காலத்திலிருந்தே உள்ளதா?

பதில்: இல்லை. முதல் உலகப்போரில் முடியரசுகள் பல சரிந்த பிறகு, 1925 டிசம்பரில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ஏற்படுத்தியது. முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறு. பிற்பாடு நடந்த வழிபாட்டுச் சீர்திருத்தத்தில் திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கு மாற்றப்பட்டது. பவனியில் பொன்முடி சூட்டிய சுரூபம் வருவதைக் குறைகூற மாட்டேன். ஆனால் நற்செய்திகளில் அவர் தலையில் வைக்கப்பட்ட முடி முள்முடி ஒன்றே. யோவான் சொல்கிறபடி, ‘யூதருடைய ராஜா’ என்று எபிரெயு, கிரேக்கு, லத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்ட பலகை சிலுவையின்மேல்தான் தொங்கியது.

கேள்வி: ஜெபித்தும் எனக்குச் சமாதானம் இல்லை. தூக்கம் போய் ஐந்து மாதங்களாகின்றன. விசுவாசம் குறைவு என்று சபையில் சொல்கிறார்கள். “தேவசமாதானம் காத்துக்கொள்ளும்” என்ற வசனம் எனக்குப் பலிக்கவில்லையா?

பதில்: சகோதரி, முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்; இந்த வாரமே பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருமானால், வாரக்கணக்கு பார்க்காமல் இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். இதை வசனத்துக்கு முன்னால் எழுதுவதற்கு எனக்கு வேத ஆதாரம் உண்டு. எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது (1 இராஜாக்கள் 19), தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் வந்து சாப்பிடச் சொன்னான். ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’ உண்டானது இதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடைக்கும் அப்பால்.

பிலிப்பியருக்கு எழுதப்பட்ட வசனத்தைப் பொறுத்தவரை, ‘காத்துக்கொள்ளும்’ என்ற இடத்திலுள்ள கிரேக்க வினை காவற்படை ஒரு நகரத்தைக் காவல்காப்பதைக் குறிப்பது. பிலிப்பி ஓய்வுபெற்ற ரோமப் போர்வீரர்கள் குடியேற்றப்பட்ட ஊர். பவுலோ அதைக் கட்டுண்டவராக, காவலுக்குள் இருந்தபடி எழுதுகிறார். கோட்டைக்கு உள்ளே இருப்பவனுக்கு வாசலில் நிற்கும் காவலாளன் எப்போதும் கண்ணில் படுவதில்லை. சமாதானத்தை உணராத இரவுகளைக் கொண்டு காவல் இல்லை என்று நீங்களோ உங்கள் சபையாரோ தீர்ப்பெழுத முடியாது. ஜெபிக்கச் சொல் வராதபோது 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள்; எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் ‘இருள்’. அப்படி முடிகிற ஒரு ஜெபத்தையும் வேதாகமம் வெட்டிவிடாமல் வைத்திருக்கிறது.

கேள்வி: “நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்” என்பது தியானத்துக்கான வசனம்தானே?

பதில்: தியானத்துக்குப் பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் 46ஆம் சங்கீதத்தில் அதற்கு முந்தைய வசனத்தில் வில் ஒடிகிறது, ஈட்டி முறிகிறது, இரதங்கள் எரிகின்றன. ‘அமர்ந்திருந்து’ என்ற சொல்லின் எபிரெய மூலத்துக்குக் கையைத் தளரவிடுதல் என்பது அடிப்பொருள். போரிடும் ஜாதிகளைப் பார்த்து, ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்று சொல்லும் ராஜகட்டளை அது.

கேள்வி: அப்படியானால் மனம் அமைதலாவதற்கு எந்தச் சங்கீதத்தைச் சொல்வீர்கள்?

பதில்: 131. மூன்றே வசனங்கள். “தாயின் பால்மறந்த குழந்தையைப் போல” என் ஆத்துமாவை அமரப்பண்ணினேன் என்கிறான் அதைப் பாடியவன். பலர் இதைப் பால்குடித்துத் தூங்கும் குழந்தை என்று எண்ணிவிடுகிறார்கள். நம் ஊர்களில் பால் மறக்கடிக்கத் தாய்மார் மார்பில் வேப்பிலையை அரைத்துப் பூசுவார்கள். குழந்தை வாய்வைத்து, முகம் சுளித்து, வீடு அதிர அழும், தாயை அடிக்கும், இரண்டு மூன்று இரவுகள் வீட்டில் யாரும் தூங்க முடியாது. அதன்பின் ஒரு நாள் அதே மடியில் வந்து உட்காரும். பாலுக்காக வரவில்லை; அவள் அம்மா என்பதற்காக வந்திருக்கிறது. அந்தக் குழந்தையைத்தான் சங்கீதம் சொல்கிறது, அதற்கு முந்தைய இரவுகளையும் சேர்த்து.

கேள்வி: இரவில் படுக்கும் முன் சொல்லப் பிள்ளைகளுக்கு ஒரு வசனம் சொல்லுங்கள்.

பதில்: 4ஆம் சங்கீதத்தின் எட்டாம் வசனம்: “சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்.” மிகச் சிறியவர்களுக்கு முதல் பாதி போதும். இரண்டாம் பாதி வருவதற்குள் பெரும்பாலும் தூங்கிவிடுகிறார்கள். எழுப்பி முடிக்கச் சொல்ல வேண்டாம்.