தச்சனா, தச்சனின் மகனா?

அன்புள்ள ஐயா,

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவன், வேதாகமத்தோடு வளர்ந்தவன். கொஞ்ச நாளாக இயேசுவை வரலாற்றில் வாழ்ந்த ஒரு மனிதராகத் தெரிந்துகொள்ள ஆசை. அலுவலக நண்பர், ‘அப்படி ஒருவர் இருந்ததே இல்லை’ என்கிறார். எங்கள் போதகரோ, ‘மனிதராகப் பார்க்க ஆரம்பித்தால் விசுவாசம் போய்விடும்’ என்கிறார். நான் எங்கிருந்து தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் நண்பருக்குப் பதில் சொல்லிவிடுவோம், அது எளிது. ஜோசபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் கி.பி. 37 வாக்கில் எருசலேமில் ஆசாரியக் குடும்பமொன்றில் பிறந்தவர். கி.பி. 62இல் ரோம ஆளுநர் இறந்துபோய், அடுத்தவர் வந்து சேருமுன் தலைமை ஆசாரியர் ஒருவர் சிலரைக் கல்லெறிந்து கொல்லவைத்தார், அதில் அவருக்குப் பதவியே போயிற்று என்று எழுதுகிறார். கொல்லப்பட்டவர்களில் ஒருவரை அடையாளம் காட்டத்தான் ‘கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரர் யாக்கோபு’ என்கிறார். ஜோசபஸிடம் இயேசுவைப் புகழ்ந்து இன்னொரு பகுதியும் உண்டு. அதில் பிற்காலக் கிறிஸ்தவர்கள் கைவைத்திருக்கிறார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. இந்த யாக்கோபு செய்தி அப்படியல்ல, போகிற போக்கில் வருவது. கற்பனைப் பாத்திரத்தின் சகோதரனைக் கொன்றதற்காக யாருக்கும் வேலை போகாது.

போதகர் விஷயம் வேறு. கி.பி. 451இல் கல்கெதோனில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம் இயேசுவை முழுக் கடவுள், முழு மனிதர் என்று வரையறுத்தது. அவருடைய மனிதத்தன்மையைக் கழித்துவிட்டுப் பார்ப்பதுதான் திருச்சபைக் கணக்கில் பிசகு. போதகருக்கும் இது தெரிந்திருக்கும். மேடையில் சொல்லத் தயக்கமாக இருக்கலாம்.

சரி, எங்கே தொடங்குவது? வேதாகமத்தை விட்டு வெளியே போகவே வேண்டாம், மாற்குவில் தொடங்குங்கள். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் முதலில் எழுதப்பட்டது அதுதான், கி.பி. 70ஐ ஒட்டி என்பது பரவலான கருத்து. மத்தேயு அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும்.

இயேசு சொந்த ஊரான நாசரேத்துக்கு வருகிறார். ஜெப ஆலயத்தில் பேசுகிறார். ஊர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. மாற்கு ஆறாம் அதிகாரத்தில் அவர்கள் ‘இவன் தச்சன் அல்லவா’ என்று கேட்கிறார்கள். மத்தேயுவில் அதே கேள்வி ‘தச்சனுடைய குமாரன் அல்லவா’ என்று ஆகிவிடுகிறது. உளியை அப்பா கைக்கு மாற்றிவிட்டார்! அடுத்தது இன்னும் முக்கியம். சில நோயாளிகளைக் குணமாக்கியது தவிர வேறு எந்த அற்புதமும் அங்கே அவரால் செய்ய முடியவில்லை என்கிறார் மாற்கு. மத்தேயு, அவர்களுடைய அவிசுவாசத்தால் அதிகம் ‘செய்யவில்லை’ என்கிறார். முடியவில்லை என்பதை அவரால் எழுத முடியவில்லை. இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இயேசுவின் வீட்டார் பிடித்துக்கொண்டுபோக வந்த செய்தி மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. மத்தேயுவிலும் லூக்காவிலும் அது காணாமலே போய்விட்டது.

இந்தச் சங்கடமான இடங்களைத்தான் வரலாற்றாய்வாளர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். தாங்கள் வணங்குகிறவரைப் பற்றி இப்படியெல்லாம் யாரும் இட்டுக்கட்டமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். இந்த அளவுகோலால் எல்லாவற்றையும் அளந்துவிட முடியாதுதான். ஆனால் நாசரேத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

அகழ்வாராய்ச்சியில் ஒன்று மட்டும் சொல்கிறேன். 1968இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில் எலும்புகள் வைக்கும் கல்பெட்டி ஒன்று கிடைத்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு, அதில் ஊடுருவியபடி இரும்பு ஆணி. ஆணியின் நுனி வளைந்துபோயிருந்தது. பிடுங்க வராமல் அப்படியே விட்டிருக்கவேண்டும். பெட்டியில் யெஹோஹனான் என்று பெயர். சிலுவையில் அறையப்பட்டவர்களை நாய்க்கும் கழுகுக்கும் எறிந்துவிடுவதுதான் வழக்கம், ஆகவே இயேசுவை அடக்கம் செய்ததே கதை என்று வாதிடுபவர்கள் உண்டு. யெஹோஹனானை அவர் வீட்டார் முறைப்படி அடக்கம் செய்திருக்கிறார்கள். இயேசுவுக்கும் அது நடந்தது என்று இது நிரூபிக்கவில்லை. நடந்திருக்க முடியும் என்கிறது, அவ்வளவுதான்.

மாற்குவை ஒரே மூச்சில், ஒரு கதையைப் போலப் படியுங்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகாது. 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில், பெண்கள் பயந்து ஓடிப்போய் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்ற இடத்தில் நிறுத்துங்கள். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் அங்கேதான் முடிகின்றன. அப்புறம் வரும் 12 வசனங்களைப் பற்றி உங்கள் போதகரிடம் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.